மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு – பார்த்துவிட்டு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' 2015 மே மாதம் திரைக்கு வந்தது. அன்றிலிருந்து அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி பேச்சற்றுப் போய் வெளியே வருகிறது. மற்றொரு கட்சி, 'இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினார்கள், இதற்கா இவ்வளவு கொண்டாட்டம்?' என்று கேட்கிறது. இரு தரப்பும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் முதல் கட்சி. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது. கதையின் முடிவு வரை பேசியிருப்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் முதல் நான்கு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பழைய மேட் மேக்ஸ் படங்களைப் பார்க்கவில்லை. நேராக இதைப் பார்த்தால் புரியுமா?

புரியும். ஆஸ்திரேலிய இயக்குநர் ஜார்ஜ் மில்லர் 1979, 1981, 1985 ஆகிய ஆண்டுகளில் மெல் கிப்சனை வைத்து மூன்று படங்கள் எடுத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, டாம் ஹார்டியை மேக்ஸாக்கி இந்த நான்காவது படத்தைக் கொண்டுவந்தார். மேக்ஸ் ஒரு காலத்தில் போலீஸ்காரன், காப்பாற்ற முடியாமல் போனவர்களின் நினைவு அவனைத் துரத்துகிறது, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடந்த போர்களில் உலகம் சீரழிந்துவிட்டது. தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். இதையும் தொடக்கத்தில் ஒலிக்கும் குரல்களே சொல்லிவிடுகின்றன.

பிடித்துப்போய்ப் பின்னோக்கிப் போக விரும்பினால், 1981இல் வந்த இரண்டாம் படத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு டேங்கர் லாரியைச் சுற்றி நடக்கும் துரத்தலில் அது முடிகிறது. ஃபியூரி ரோட்டின் விதை அங்கேதான் இருக்கிறது. 2024இல் வந்த 'ஃபியூரியோசா' இந்தப் படத்துக்கு முந்தைய கதை. ஆனாலும் அதை இதற்குப் பிறகு பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். படத்தின் நாயகி ஃபியூரியோசா யார், எங்கிருந்து வந்தாள், ஏன் இந்தக் காரியத்தில் இறங்கினாள் என்பதை இந்தப் படம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படுத்துகிறது. முன்கதையை அறிந்துகொண்டு வந்தால் அந்த அனுபவம் போய்விடும்.

தியேட்டரில்தான் பார்க்க வேண்டுமா? போனில் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

நிறையவே குறையும். பத்து ஆஸ்கர் பரிந்துரைகளில் ஆறை இந்தப் படம் வென்றது. அவற்றில் இரண்டு ஒலிக்காக. எஞ்சினின் உறுமல் நெஞ்சுக்குள் அதிர வேண்டும், நூற்றுக்கணக்கானோர் திரண்டு வரும் பாலைவனத்தில் மேக்ஸ் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். மறுவெளியீடு வந்தால் தவறவிடாதீர்கள். வாய்ப்பில்லையென்றால், வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டு, இடைநிறுத்தாமல் பாருங்கள்.

தலை சுற்றும் என்கிறார்களே?

பயப்பட வேண்டாம். இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 2,700 வெட்டுகள் இருக்கின்றன. சராசரியாக மூன்று விநாடிக்குள் ஒரு காட்சித்துண்டு முடிந்துவிடுகிறது. கணக்கைக் கேட்டால் மிரட்சியாகத்தான் இருக்கும். ஆனால் ஒளிப்பதிவாளர் ஜான் சீல், நாம் பார்க்க வேண்டியது எதுவோ அதைப் பெரும்பாலும் திரையின் நடுவிலேயே வைத்திருக்கிறார். வெட்டு விழுந்ததும் அடுத்த முக்கியமான பொருளும் அதே நடுவில் வந்து நிற்கிறது. கண் அங்குமிங்கும் ஓடித் தேட வேண்டியதில்லை. பல அதிரடிப் படங்களில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் போவதற்கும், இங்கே ஒவ்வொரு மோதலும் தெளிவாகத் தெரிவதற்கும் இந்த ஒழுங்கு ஒரு முக்கியக் காரணம்.

படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸல், மில்லரின் மனைவி. அதற்கு முன் அதிரடிப் படம் எதையும் அவர் தொகுத்ததில்லை. வழக்கமான அதிரடிப் படம்போல் இது இருக்கக் கூடாது என்பதற்காகவே மில்லர் அவரிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ 480 மணி நேரப் பதிவைப் பார்த்து, அதிலிருந்து இந்த இரண்டு மணி நேரத்தைச் சிக்ஸல் எடுத்தார். அவர் பெற்ற ஆஸ்கர் அந்த ஆறில் ஒன்று.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் 17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது என்ற சான்றிதழுடன் வெளியான படம் இது. ரத்தம் காட்டப்படும் அளவு குறைவுதான். ஆனால் பெண்களைப் பூட்டி வைத்திருப்பது, மனிதனை ரத்தப் பையாகத் தொங்கவிடுவது போன்றவை சிறு மனங்களுக்கு உரியவை அல்ல.

கதையே இல்லையே? போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். இதில் என்ன இருக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் இதுதான். இந்தப் படத்தில் கதை இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். மில்லர் திரைக்கதையை வசனப் பிரதியாக எழுதுவதற்கு முன் சுமார் 3,500 ஓவியச் சட்டங்களாக வரைய வைத்தார். ஜப்பானிய ரசிகர் துணைத்தலைப்பைப் படிக்காமலே புரிந்துகொள்ளும்படி படம் எடுக்க வேண்டும் என்ற இயக்குநர் ஹிட்ச்காக்கின் கருத்தை அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார். வசனத்துக்காகக் காத்திருப்பவருக்கு இந்தப் படம் வெறும் ஓட்டமாகத் தெரிவது இதனால்தான்.

துப்பாக்கிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இருட்டில் விளக்கு வெளிச்சத்தோடு எதிரி நெருங்குகிறான். மேக்ஸ் சுட்டுத் தவறவிடுகிறான். ஒரே ஒரு குண்டு மிஞ்சுகிறது. பின்னால் வந்து நிற்கும் ஃபியூரியோசாவிடம், ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறான். அவள் அவன் தோளையே தாங்கலாக வைத்துச் சுடுகிறாள். சற்று நேரத்துக்கு முன்புதான் இருவரும் ஒருவரையொருவர் கொல்லப் பார்த்தார்கள். நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வசனம் சொல்லும்? ரத்தத்தின் கதையும் இப்படித்தான். தொடக்கத்தில் மேக்ஸைச் சங்கிலியால் கட்டி, அவன் ரத்தத்தைப் பிடுங்கி எதிரிப் படையின் நோயாளி இளைஞன் நக்ஸுக்கு ஏற்றுகிறார்கள். முடிவில் ஃபியூரியோசா சாகக் கிடக்கும்போது அதே ரத்தத்தைத் தானாகவே கொடுக்கிறான். அதுவரை சொல்ல மறுத்த தன் பெயரையும் அப்போதுதான் அவளிடம் சொல்கிறான். பொருளாக நடத்தப்பட்டவன் மறுபடி மனிதனாகிறான். இது கதை இல்லையென்றால் வேறு எது கதை?

படப்பிடிப்பின்போது டாம் ஹார்டிக்கே இது பிடிபடவில்லை. 2015இல் கான் திரைவிழாவின் செய்தியாளர் சந்திப்பில், மில்லரின் மனத்தில் இருந்ததை அப்போது புரிந்துகொள்ளாமல் போனதற்காக அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எனவே முதல் முறை பார்த்தவருக்குப் புரியாமல் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொரு முறை பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

தலைப்பில் மேக்ஸ். படம் முழுக்க ஃபியூரியோசா. யார்தான் ஹீரோ?

பயணம் அவளுடையது, சாட்சி அவன். அடக்கியாளும் இம்மார்ட்டன் ஜோவிடமிருந்து ஐந்து பெண்களை மீட்டுக்கொண்டு ஓடும் திட்டமும், அதற்கான துணிவும், இழப்பும் ஃபியூரியோசாவுக்கு உரியவை. ஆனால் இதில் மேக்ஸுக்கு எந்த அநீதியும் நடக்கவில்லை. 1981 படத்திலும் அவன் பிறருடைய கதைக்குள் வந்து, உதவிவிட்டு, தனியே நிற்பவன்தான். இந்தப் படத்தில் எல்லாரும் உப்புவெளியைக் கடந்து போகக் கிளம்பும்போது, திரும்பிப் போய் ஜோவின் கோட்டையைப் பிடியுங்கள், தண்ணீரும் பசுமையும் அங்கேதான் இருக்கின்றன என்று சொல்பவன் அவன். கதை திரும்பும் அந்த ஒரே இடம் அவன் கையில் இருக்கிறது.

படம் வெளியானபோது, ஆண்களுக்கு எதிரான படம் இது, புறக்கணியுங்கள் என்று இணையத்தில் சிலர் அறைகூவல் விடுத்தார்கள். பார்த்த ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. வன்முறைக்கு ஆளான பெண்களோடு நெடுங்காலம் பணியாற்றிய நாடகாசிரியர் ஈவ் என்ஸ்லரைப் படப்பிடிப்பு நடந்த நமீபியாவுக்கு வரவழைத்து, அந்த ஐந்து நடிகைகளோடு பேசவைத்தார் மில்லர். அந்த ஐவரில் ஒருத்தியான ஸ்பிளெண்டிட் பாதி ஓட்டத்தில், நிறைமாத வயிற்றோடு லாரிக்கு வெளியே தொங்கி, தன் உடலாலேயே ஃபியூரியோசாவைக் குண்டிலிருந்து மறைக்கும்போது அந்த உழைப்பு தெரிகிறது. அவர்கள் யாரும் தூக்கிச் செல்லப்படும் மூட்டைகள் அல்ல.

ஒரு காட்சியில்கூட கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லையாமே?

ரசிகர்களான நாமே பரப்பிய தவறான பெருமை இது. சுமார் 2,000 காட்சித்துண்டுகளில் கணினி வேலை இருக்கிறது. அந்தப் பெரும் மணற்புயல், ஃபியூரியோசாவின் இல்லாத இடக்கை, கோட்டையின் உயரம், வானத்தின் நிறம் எல்லாம் அப்படி வந்தவை. ஆஸ்கரில் காட்சி விளைவுகள் பிரிவிலும் படம் பரிந்துரைக்கப்பட்டது. அந்தக் கலைஞர்களின் உழைப்பை இல்லையென்று சொல்லிப் படத்தைப் புகழ்வது நியாயமில்லை.

உண்மையானவை எவை? வண்டிகள் உண்மையானவை, உண்மையாகவே ஓடின, மோதின. ஓடும் வண்டிகளின் மேல் நெடுங்கழிகளில் ஆடி ஆடிப் பாய்பவர்கள் உண்மையான மனிதர்கள். சர்க்கஸ் கலைஞர்களும் சண்டைக் கலைஞர்களும் பயிற்சியெடுத்துச் செய்தார்கள். முதலில் மில்லரே அதைக் கணினியில்தான் செய்ய முடியும் என்று எண்ணியிருந்தார். சண்டை அமைப்பாளர் கை நாரிஸின் குழு சோதனை செய்து காட்டிய பிறகுதான் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். முடிவில் டேங்கர் லாரி கவிழ்வதும் நிஜம். நம் உடல் தன்னையறியாமல் பின்வாங்குகிறதே, எடையுள்ள ஒன்று விழுவதைக் கண் அறிந்துகொள்வதால்தான்.

போருக்கு நடுவில் நெருப்புக் கக்கும் கிட்டார் எதற்கு?

படைக்கு முரசு எதற்கோ அதற்குத்தான். தொலைபேசியோ வானொலியோ இல்லாத உலகத்தில், நூறு எஞ்சின்களின் சத்தத்தை மீறிப் படையை உசுப்பேற்ற வேறு என்ன வழி? பின்புறம் பெரிய முரசுகளை அடிப்பவர்களையும் பாருங்கள். ஆஸ்திரேலிய இசைக்கலைஞர் ஐயோட்டா ஏந்திய அந்தக் கிட்டார் உண்மையாகவே தீயைக் கக்கியது.

இரவு ஏன் அவ்வளவு நீலம்? பகல் ஏன் அவ்வளவு ஆரஞ்சு?

இரவுக் காட்சிகள் பகலில் எடுக்கப்பட்டவை. வேண்டுமென்றே அதிக வெளிச்சத்தில் பதிவுசெய்து, பிறகு கணினியில் இருட்டாக்கி நீலமேற்றினார்கள். அதனால்தான் இருட்டிலும் முகங்கள் அவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன. உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை என்றால் சாம்பல் நிறத்தில் வெளிறிக் கிடக்க வேண்டும் என்பது மற்றப் படங்களின் பழக்கம். இதில் அதற்கு நேரெதிராக நிறத்தை அள்ளிப் பூசினார்கள். ஆனால் மில்லருக்கு மிகவும் பிடித்த வடிவம் கறுப்பு வெள்ளை. அந்த வடிவம் 2016இல் தனியாக வெளியிடப்பட்டது. முகங்களின் வலி அதில் கூடுதலாகத் தெரிகிறது. முதல் முறை பார்ப்பவர்கள் மட்டும் வண்ணத்திலேயே பாருங்கள்.

பெட்ரோலுக்காக உலகமே அழிந்தது என்கிறார்கள். பிறகு இப்படி எரித்துத் தள்ளுகிறார்களே?

நல்ல கேள்வி. இதே கேள்வியைப் படத்துக்குள்ளேயே ஒருவன் கேட்கிறான். ஜோவிடம் தண்ணீர், இன்னோர் ஊரில் எரிபொருள், மூன்றாவதில் தோட்டா. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பண்டமாற்று. எரிபொருள் ஊரின் தலைவன் துரத்தலின் நடுவே எத்தனை அலகு எரிபொருள் போயிற்று, எத்தனை வண்டிகள் போயின என்று கணக்கு வாசித்துப் புலம்புகிறான். தோட்டா ஊரின் தலைவனோ, ஒரு குடும்பச் சண்டைக்கா இத்தனையும் என்று எரிச்சல்படுகிறான். வீணாகிறது என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாரிசு வேண்டும், தன் உடைமை என்று நினைத்தது கைவிட்டுப் போகக் கூடாது என்ற வெறி ஜோவுக்கு. கீழே மக்கள் தாகத்தில் தவிக்க, மேலிருந்து சில நொடிகள் தண்ணீரைத் திறந்துவிட்டு மூடுபவன் அவன். வீணடிப்பதே அவன் அதிகாரத்தின் அடையாளம்.

முதல் படத்தின் திரைக்கதையை மில்லரோடு எழுதிய ஜேம்ஸ் மெக்காஸ்லாண்ட், 1970களின் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் நிலையங்களில் சாதாரண ஆஸ்திரேலியர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டதைக் கண்டவர். தொட்டி நிரம்ப வேண்டுமென்றால் மனிதர்கள் எதையும் செய்வார்கள் என்ற அச்சத்திலிருந்து இந்த உலகம் பிறந்தது. நெருக்கடி கூடக்கூட மனிதன் சிக்கனமாவான் என்று இந்தப் படங்கள் நம்பவில்லை. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஃபியூரியோசா தேடிப் போகும் 'பச்சை நிலம்' எங்கே போனது? அதைக் காட்டவே இல்லையே?

காட்டினார்கள். இரவில் லாரி சேற்றில் சிக்கும் இடம், காகங்கள் நிறைந்த, நெடுங்கால்களில் உருவங்கள் அசையும் அந்தச் சதுப்பு நிலம்தான் அது. மண் நஞ்சாகி, தண்ணீர் கெட்டு, காகங்கள் வந்து சேர்ந்ததாக அவளுடைய பழைய கூட்டத்து முதிய பெண்கள் பின்னர் சொல்கிறார்கள். தான் பிறந்த இடத்தை அடையாளமே தெரியாமல் கடந்து வந்திருக்கிறாள் ஃபியூரியோசா. அது தெரிந்ததும் அவள் செயற்கைக் கையைக் கழற்றிவிட்டு மணலில் மண்டியிட்டுக் கதறும் காட்சிக்கு இந்த விவரம் தெரிந்தால்தான் முழு எடை கிடைக்கும். ஏராளமானோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

இதன் தலைகீழாக ஒன்று படப்பிடிப்பில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பகுதியில்தான் படம் எடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். பெருமழை பெய்து அந்தப் பாலைவனம் பூத்துவிட்டது. பசுமை வந்ததாலேயே படக்குழு 2012இல் நமீபியாவுக்குப் போக நேர்ந்தது.

மேக்ஸின் கண்ணில் அடிக்கடி தோன்றும் சிறுமி அவன் மகளா?

இல்லை. 1979 படத்தில் அவனுக்கு இருந்தது ஒரு கைக்குழந்தை, அதுவும் ஆண். பெயர்ப் பட்டியலில் இந்தச் சிறுமியின் பெயர் குளோரி என்று வருகிறது. அவன் காப்பாற்றத் தவறிய யாரோ ஒருத்தி. அவள் தோன்றும் நேரங்களைக் கவனியுங்கள். சண்டையின் நடுவே நெற்றிக்கு நேரே கையை உயர்த்த வைத்து அவனைக் காப்பதும் அவள் நினைவுதான்.

நாகரிகம் இருந்த காலத்துப் போலீஸ்காரன் இன்னும் இளைஞனாக இருப்பது எப்படி? ஆண்டுக் கணக்கே ஒத்துவரவில்லையே?

ஒத்துவராது, ஒத்துவர வேண்டியதும் இல்லை. இரண்டாம் படத்தைச் சொல்வது யார் என்று பாருங்கள்: அதில் சிறுவனாக வந்தவன், முதுமையில் நினைவுகூர்ந்து சொல்கிறான். மூன்றாம் படமும் பின்னாளில் ஒருத்தி தன் கூட்டத்துக்குச் சொல்லும் கதையாகவே முடிகிறது. ஃபியூரி ரோட்டின் இறுதியில் வரும் மேற்கோள் 'முதல் வரலாற்று மனிதன்' சொன்னதாக வருகிறது. 'ஃபியூரியோசா' படத்தில் அதுபோன்ற ஒரு வரலாற்று மனிதன்தான் கதையைச் சொல்கிறான். எல்லாமே வாய்வழியாக வந்த கதைகள். ஊருக்கு ஊர் ஒரு மாதிரியாகச் சொல்லப்படும் நாட்டார் கதையின் நாயகனுக்கு வயதுக் கணக்கு பார்ப்பதில்லையே, அப்படித்தான் மேக்ஸும்.

'ஃபியூரியோசா' ஏன் அதே வேகத்தில் இல்லை? ஏமாற்றமாக இருந்தது.

அதே படத்தை எதிர்பார்த்துப் போனதால் வந்த ஏமாற்றம் அது. ஃபியூரி ரோடு சில நாட்களில் நடந்து முடிகிறது. ஃபியூரியோசா ஒருத்தியின் சிறுவயதிலிருந்து பல ஆண்டுகளை, அத்தியாயம் அத்தியாயமாக, 148 நிமிடங்களில் சொல்கிறது. ஃபியூரியோசாவாக நடித்த அன்யா டெய்லர் ஜாய் அதில் மிகக் குறைவாகவே பேசுகிறார், கண்களாலேயே நடிக்கிறார். வசூல் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்பதை வைத்துப் படத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அது முடிந்த கையோடு ஃபியூரி ரோட்டை மறுபடி பாருங்கள். முன்பு வெறும் கோபமாகத் தெரிந்த அவள் முகத்தில் எத்தனை ஆண்டுக் கணக்கு இருக்கிறது என்று தெரியும்.

ரசிகர்கள் வாயில் வெள்ளிச் சாயம் அடித்துக்கொண்டு 'சாட்சியாக இருங்கள்' என்று கத்துகிறார்கள். அது வில்லன் கூட்டத்தின் முழக்கம் இல்லையா?

ஆம், அவர்களுடையதுதான். உடல் நோயால் பாதி ஆயுள் மட்டுமே உள்ள இளைஞர்களை, எனக்காகச் செத்தால் சொர்க்கம் என்று ஜோ நம்பவைத்திருக்கிறான். சாகப் பாய்வதற்கு முன் அவர்கள் வெள்ளிச் சாயத்தைப் பூசிக்கொண்டு அப்படிக் கத்துகிறார்கள். படம் அதைக் கொடுமையாகவே காட்டுகிறது. ஆனாலும் அந்த முழக்கத்தில் ஒரு ஈர்ப்பு இருப்பதை மறுக்க முடியாது. அந்த ஈர்ப்பு இல்லாவிட்டால் அந்த இளைஞர்கள் ஏன் ஏமாந்தார்கள் என்பது நமக்குப் புரியாது.

ரசிகர்கள் இந்த உலகத்துக்குள் வாழ்ந்து பார்க்க விரும்புவது புதிதல்ல. கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் 2010 முதல் 'வேஸ்ட்லேண்ட் வீக்கெண்ட்' என்ற கூடல் நடக்கிறது. துருப்பிடித்த வண்டிகளும் கிழிந்த தோலுடையுமாக ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். புரோக்கன் ஹில் அருகே சில்வர்டனில், இரண்டாம் படத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து குடும்பத்தோடு குடிபெயர்ந்து வந்த ஒரு ரசிகர் அமைத்தது. இவர்களில் யாரும் ஜோவை வணங்கவில்லை. அழிவுக்குப் பின்னும் கையில் கிடைத்ததை வைத்து ஒன்றைச் செய்ய முடியும் என்பது அவர்களைக் கவர்கிறது என்று நினைக்கிறேன்.

முழக்கமிடும் நண்பர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: நக்ஸின் கடைசிக் காட்சியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லாரியைக் கவிழ்த்துக் கணவாயை அடைக்கும்போது அவன் வாயில் வெள்ளிச் சாயம் இல்லை. கத்தவும் இல்லை. தன்னிடம் கனிவு காட்டிய, ஐந்து பெண்களில் ஒருத்தியான கேப்பபிளை நோக்கிக் கையை நீட்டி, அதே சொற்களை மெதுவாகச் சொல்கிறான். அவன் சாவது ஜோவுக்காக அல்ல, தப்பிப் போகிறவர்களுக்காக. கதை எங்கே என்று மேலே கேட்டவர்களுக்கும் இந்தக் காட்சியையே இன்னொரு பதிலாகச் சொல்வேன்.